சிபியு நேரத்துக்கு ஒரு பட்ஜெட்

நிகழ்நேர மென்பொருளில் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. குறித்த கெடுவுக்குள் வந்து சேரவும் வேண்டும். நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் ஒவ்வொரு பிரேமையும் விரித்துத் திரைக்கு அனுப்ப 40 மில்லிநொடிதான் உண்டு. நொடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் ஒலியைக் கையாளும் கணினி, 128 மாதிரிகளை ஒரு தொகுப்பாக எடுத்துக்கொண்டால், அடுத்த தொகுப்பைத் தயார் செய்ய அதற்குக் கிடைப்பது சுமார் 2.7 மில்லிநொடி. தவறினால் காதில் ‘டிக்’ என்று ஒரு வெட்டு விழும். கார் பிரேக்கிலோ விமான இறக்கையின் மடிப்புகளிலோ தவறினால் நடப்பதே வேறு.

ஒரே சிபியுவில் இப்படிப் பல பணிகள் ஓடும்போது அடுத்த முறை யாருக்கு என்பதை இயங்குதளத்தின் ஷெட்யூலர் முடிவு செய்கிறது. இந்தத் துறையின் அடித்தளக் கட்டுரையை சி. எல். லியூ, ஜேம்ஸ் லேலண்ட் இருவரும் 1973-இல் வெளியிட்டார்கள். அதில் இரண்டு வழிகள் அலசப்பட்டன. அடிக்கடி வரும் பணிக்கு நிரந்தரமாக அதிக முன்னுரிமை தருவது ஒன்று. இதில் பணிகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும், மொத்தச் சுமை சிபியுவின் 69.3 சதவீதத்தைத் தாண்டாதவரை எல்லாக் கெடுவும் காக்கப்படும். எந்தப் பணியின் கெடு மிக அருகில் இருக்கிறதோ அதை முதலில் ஓட்டுவது மற்றொன்று. இதில் 100 சதவீதம் வரை போகலாம். கணக்கு அழகாகத் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு பணியும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் தீரும்.

நடைமுறையில் அது தெரிவதே இல்லை. ஒரே நிரல், ஒரே இயந்திரத்தில், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் வெவ்வேறு நேரம் எடுக்கிறது. தேவையான தரவு கேஷ் நினைவகத்தில் இருந்ததா, பக்கத்துக் கோர் நினைவகப் பாதையை அடைத்துக்கொண்டிருந்ததா, வெப்பம் ஏறி சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதா என்று காரணங்கள் பல. இவை போதாதென்று உள்ளீடும் மாறுகிறது. செய்தி வாசிப்பவரின் முகம் மட்டும் தெரியும் காட்சியை விரிப்பதும், மழையில் கால்பந்தாட்டம் நடக்கும் காட்சியை விரிப்பதும் ஒரே வேலை ஆகாது.

ஆகவே வடிவமைப்பவருக்கு முன்னால் இரண்டு மோசமான தேர்வுகள் நிற்கின்றன. சராசரியாக 9 மில்லிநொடியில் விரியும் பிரேம், எப்போதாவது 30 மில்லிநொடி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மோசமான நிலைக்கு ஒதுக்கினால் 40-க்கு 30, அதாவது சிபியுவில் 75 சதவீதம், ஒரே வீடியோவுக்குப் போய்விடும். அதில் பெரும்பகுதி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும். சராசரிக்கு ஒதுக்கினால் சிபியுவில் நான்கு வீடியோவைக் கூடத் திணிக்கலாம், ஆனால் ஒன்று அளவு மீறும்போது மற்றவையும் சேர்ந்து சரியும். அருகிலுள்ள கெடுவுக்கு முதலிடம் என்ற விதியில் இந்தச் சரிவு இன்னும் மோசம். கெடு தவறிய பணியின் கெடுதான் எல்லாவற்றிலும் பழையது. அதனால் வரிசையில் அதுவே முதலில் நிற்கும். தாமதம் செய்தவருக்கே முதல் மரியாதை. ஒழுங்காக இருந்த பணிகள் அதன் பின்னால் காத்திருந்து தங்கள் கெடுவையும் தவறவிடும்.

முதலில் சுவர்

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பின்னூட்டம்: விளைவை அளந்து ஒதுக்கீட்டைத் திருத்திக்கொண்டே போவது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தச் சரிவைத் தடுக்க வேண்டியிருந்தது. இத்தாலியின் பீசா நகரில் உள்ள சான்ட்’அன்னா உயர்கல்வி நிறுவனத்தில் லூகா அபேனியும் ஜார்ஜோ புட்டாட்சோவும் 1998-இல் முன்வைத்த மாறா அலைவரிசைப் பணியகம் என்ற முறை அதைச் செய்தது. இங்கே அலைவரிசை என்பது வானொலி சார்ந்ததல்ல; சிபியுவில் ஒரு பணிக்கு உரிய பங்கு.

ஒவ்வொரு பணிக்கும் இரண்டு எண்கள் தரப்படும்: ஒரு பட்ஜெட், ஒரு சுற்றுக்காலம். ‘10 மில்லிநொடிக்கு 3 மில்லிநொடி’ என்றால் அந்தப் பணிக்கு 30 சதவீதம். பணி ஓட ஓட பட்ஜெட் கரையும். வேலை முடியும் முன் பட்ஜெட் தீர்ந்தால், அந்தப் பணியின் கெடு ஒரு சுற்றுக்காலம் தள்ளிப்போடப்பட்டு பட்ஜெட் மீண்டும் நிரப்பப்படும். கெடு தள்ளிப்போனதும் பணி தானாகவே வரிசையில் பின்னுக்குப் போகிறது. வேறு யாரும் காத்திருக்கவில்லை என்றால் அது தொடர்ந்து ஓடலாம். காத்திருந்தால் அவர்களுக்கு வழி விட வேண்டும். அளவு மீறியதன் விலையை மீறிய பணியே செலுத்துகிறது.

இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு நுணுக்கம் உண்டு. பணி சிறிது நேரம் தூங்கிவிட்டு எழுகிறது, பட்ஜெட்டில் 2.5 மில்லிநொடி மிச்சம், பழைய கெடுவுக்கு இன்னும் 3 மில்லிநொடிதான் இருக்கிறது. பழைய எண்களை அப்படியே விட்டுவைத்தால் அடுத்த 3 மில்லிநொடியில் 83 சதவீதத்தை அது விழுங்கும். அதற்கு உரிமை 30 சதவீதம்தான். எனவே எழும் கணத்தில் ஷெட்யூலர் ஒரு வகுத்தல் செய்து பார்க்கிறது. மிச்சமுள்ள பட்ஜெட்டை மிச்சமுள்ள நேரத்தால் வகுத்தால் வருவது உரிய பங்கைத் தாண்டினால், பழைய கணக்கை அழித்துவிட்டு, அந்தக் கணத்திலிருந்து 10 மில்லிநொடி தள்ளிப் புதுக் கெடுவும் முழு பட்ஜெட்டும் தருகிறது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால், தூங்கி எழும் பணிகள் பக்கத்து வீட்டுக்காரர்களின் நேரத்தைத் தெரியாமலே திருடிக்கொண்டிருக்கும்.

சுவர் எழுந்ததும் இன்னொரு வாசலும் திறந்தது. பட்ஜெட்டைக் குறைவாக ஊகித்தால் பாதிக்கப்படுவது அந்தப் பணி மட்டுமே. ஊகம் தவறினால் அமைப்பே கவிழும் என்ற நிலையில் யாரும் சோதித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. தவறின் செலவு ஓர் எல்லைக்குள் அடங்கிய பிறகுதான் தவறிலிருந்து திருத்திக்கொள்ளும் முறை சாத்தியமாகிறது. அடுத்த ஆண்டே, 1999-இல், அபேனியும் புட்டாட்சோவும் பட்ஜெட்டைத் தானாக மாற்றிக்கொள்ளும் தகவமைப்பு ஒதுக்கீட்டை வெளியிட்டார்கள்.

ஒரு பிரேமின் கணக்கு

வீடியோ பிளேயருக்கு 10 மில்லிநொடிக்கு 3 மில்லிநொடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிரேம் ஒன்றுக்கு 9 மில்லிநொடி வேலை என்றால் மூன்று சுற்றுகளில், 30-ஆவது மில்லிநொடியில், முடிந்துவிடும். கெடு 40. பத்து மில்லிநொடி உபரி.

காட்சி மாறி, பிரேம் ஒன்றுக்கு 14 மில்லிநொடி வேலை ஆகிறது. பதினான்கை மூன்றால் வகுத்தால் நான்கு சுற்றும் கொஞ்சமும். ஐந்தாவது சுற்றில்தான் முடியும். 50-ஆவது மில்லிநொடி என்பது 10 மில்லிநொடி தாமதம். அடுத்த பிரேமும் அப்படியே என்றால் அது ஏற்கனவே 10 மில்லிநொடி தாமதமாகத்தான் தொடங்கும்; 20 மில்லிநொடி தாமதமாக முடியும். அதற்கடுத்தது 30. தாமதம் பிரேமுக்குப் பிரேம் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகப் பிந்துவதில்லை, முந்தையதன் பாக்கியையும் சுமக்கிறது. கட்டுப்பாட்டியலில் இப்படிப் பாக்கியைச் சேர்த்துவைக்கும் அமைப்புக்குத் தொகைப்படுத்தி என்று பெயர். தண்ணீர் மட்டம், வெப்பம், வாகனத்தின் நிலை எல்லாம் இதே இனம். நூறு ஆண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள் கையாண்டு பழகிய கணிதம் இங்கே அப்படியே பயன்படுகிறது.

பின்னூட்டம் நுழைந்தால் இப்படி நடக்கும். முதல் பிரேம் முடிந்ததும் இரண்டு எண்கள் கையில் வருகின்றன: தாமதம் 10, வேலை 14. அடுத்த பிரேம் பாக்கியையும் அடைக்க வேண்டும் என்றால் அதற்கு 30 மில்லிநொடி, அதாவது மூன்று சுற்றுகள், மட்டுமே மிச்சம். பதினான்கை மூன்று சுற்றில் முடிக்கச் சுற்றுக்கு 4.7 தேவை, பட்ஜெட்டைத் திருத்தும் கட்டுப்படுத்தி 5 என்று வைக்கிறது. பிரேம் சரியாகக் கெடுவில் முடிகிறது. பாக்கி தீர்ந்தது. இனி நான்கு சுற்றுகள் முழுதாகக் கிடைக்கும் என்பதால் 3.5 போதும், பட்ஜெட் மெல்ல அங்கே இறங்குகிறது. காட்சி பழையபடி அமைதியானால் 9-ஐ நான்கால் வகுத்து 2.25 வரை இறங்கலாம். தொடக்கத்தில் தந்த 3 என்ற எண் அப்போதே கொஞ்சம் தாராளம்தான் என்பதும் இதில் தெரியவருகிறது.

எதை அளப்பது

கட்டுப்படுத்தியின் தரம் அது பார்க்கும் அளவீட்டைத் தாண்டிப் போகாது. இந்தத் துறையின் ஆரம்பகால முயற்சிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவீட்டை எடுத்துக்கொண்டன. எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கொர்பாத்தோவின் குழு 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய காலப்பகிர்வு அமைப்பிலேயே எளிய பின்னூட்டம் இருந்தது. தரப்பட்ட நேரத் துண்டை முழுதாகத் தின்று தீர்த்த நிரல் கீழ்வரிசைக்கு இறக்கப்பட்டது. அங்கே கெடு என்று எதுவும் இல்லை. கவலையெல்லாம் தட்டச்சு செய்பவர் காத்திருக்கக் கூடாது என்பதுதான்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சென்யாங் லூ, ஜான் ஸ்டான்கோவிக் ஆகியோர் அடங்கிய குழு 1999-இல் கெடு தவறும் விகிதத்தையே அளவீடாக எடுத்தது. நூறு வேலைகளில் எத்தனை பிந்தின என்று பார்த்து, தொழிற்சாலைகளில் வெகுகாலமாகப் புழங்கும் பிஐடி கட்டுப்படுத்தியைக் கொண்டு மொத்தச் சுமையைக் கூட்டியோ குறைத்தோ சரி செய்வது அவர்கள் முறை. பொருத்தமான யோசனைதான், ஆனால் இந்த அளவீட்டில் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. மதியச் சாப்பாடு போடும் மெஸ் ஒன்றில் ஒரு நாள் பாத்திரத்தில் சோறு மிஞ்சினால் எவ்வளவு மிஞ்சியது என்று அளந்து மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். தீர்ந்துபோனால் தீர்ந்தது என்பது மட்டுமே தெரியும். அதன் பிறகு வந்து திரும்பிப் போனவர்கள் ஐந்து பேரா ஐம்பது பேரா என்று பாத்திரம் சொல்லாது. தவறும் விகிதம் இதன் மறுபக்கம்: பூச்சியத்தைத் தொட்டதும், பட்ஜெட் மயிரிழையில் போதுமானதா, இரண்டு மடங்கு வீணாகிறதா என்பதை அது சொல்வதில்லை.

அதே ஆண்டில் ஓரிகன் பட்டதாரி ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஸ்டீர், ஜொனதன் வால்போல் குழுவினர் வேறொன்றைப் பிடித்தார்கள். பெரும்பாலான நிரல்கள் சங்கிலியாக வேலை செய்கின்றன. ஒன்று தரவை வரிசையில் போடுகிறது, மற்றது எடுக்கிறது. இடையிலுள்ள வரிசை பாதி நிரம்பியிருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் போகின்றன. நிரம்பிக்கொண்டே போனால் எடுப்பவருக்கு நேரம் போதவில்லை. காலியானால் போடுபவருக்குப் போதவில்லை. நிரல் எழுதியவர் கெடுவையோ வேலை நேரத்தையோ சொல்லத் தேவையில்லை, வரிசை எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். பாதி என்பது இரண்டு பக்கமும் தெரியும் அளவீடு. எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதையும் அது சொல்லும். அறிமுகமில்லாத நிரலுக்குப் பட்ஜெட் போட வேண்டியவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி கிடைப்பது அரிது.

பீசா குழு எடுத்தது மூன்றாவது வழி. வேலை உண்மையில் எந்தக் கணத்தில் முடிந்தது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை; முடிந்த நேரத்தில் பணியகத்தின் கெடு எங்கே நின்றது என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் யாரும் இல்லாததால் வீடியோ தன் பங்கைவிட அதிகம் ஓடி 20-ஆவது மில்லிநொடியிலேயே முடிந்திருக்கலாம். ஆனாலும் அதன் கெடு 50-க்குத் தள்ளிப்போயிருந்தால், கூட்டம் நிறைந்த நாளில் இந்தப் பட்ஜெட் போதாது என்று அர்த்தம். அதிர்ஷ்டத்தால் கிடைத்த நேரத்தையும் உரிமையாகக் கிடைத்த நேரத்தையும் இந்த அளவீடு பிரித்துக் காட்டுகிறது. இதே அமைப்பின் கணித நடத்தையை அபேனி, லூயிஜி பலோபோலி, ஜுசெப்பே லிபாரி, வால்போல் நால்வரும் 2002-இல் விரிவாக அலசினார்கள். மேலே பிரேம் கணக்கில் பார்த்த கூட்டல் கழித்தல்தான் அந்தக் கட்டுரையின் மையச் சமன்பாடு.

ஊசலாட்டம்

நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்கப் பொருத்திய சுழல் குண்டுகள் சில நேரம் எஞ்சினை வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓட வைத்தன. அது ஏன் என்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-இல் கணிதமாக விளக்கினார். பின்னூட்டம் தானே நோயாகவும் மாறும் என்பது அன்றிலிருந்து பாடப்புத்தகச் செய்தி. சிபியு பட்ஜெட்டும் விதிவிலக்கல்ல. திருத்தம் எப்போதும் அடுத்த பிரேமில்தான் பலிக்கும், அளவீடோ முந்தைய பிரேமுடையது. வீடியோவில் சில பிரேம்கள் முழுப் படமாக வருகின்றன; மற்றவை அண்டை பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கின்றன. இரண்டின் வேலையளவும் வெவ்வேறு. கனமான பிரேமைப் பார்த்துப் பட்ஜெட்டை ஏற்றினால் அது போய்ச் சேருவது இலேசான பிரேமுக்கு. இலேசானதைப் பார்த்து இறக்கினால் அடுத்து வருவது கனமானதாக இருக்கலாம். கட்டுப்படுத்தி சுறுசுறுப்பாக இருக்க இருக்கத் தவறும் கூடும்.

இதற்கு மருந்தாக ஊகிப்பான் ஒன்று சேர்க்கப்பட்டது. பிரேம்களின் வகை 12-க்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பி வரும் என்றால் ஒரே சராசரி வைத்துக்கொள்வதில் பொருளில்லை. 12 தனித்தனிச் சராசரிகள் வேண்டும். முதலாம் பிரேமுக்கு ஊகம் தேவைப்படும்போது 12 பிரேமுக்கு முன்னால் வந்ததையும் 24-க்கு முன்னால் வந்ததையும் பார்ப்பது. எளிய தந்திரம், பலன் பெரிது. ஊகிப்பான் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். அது தவறவிட்ட மிச்சத்தைத் துடைப்பது மட்டும் பின்னூட்டத்தின் வேலையாகிறது.

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரே வேகம் வேண்டியதில்லை. பட்ஜெட் குறைந்தால் படம் திக்கும். கூடினால் கொஞ்சம் நேரம் வீணாகும், அவ்வளவுதான். அதனால் ஏற்றுவது வேகமாகவும் இறக்குவது நிதானமாகவும் இருப்பதே நடைமுறை. இணையத்தின் நெரிசல் கட்டுப்பாட்டில் இது நேர்மாறு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சுமார் 400 கெஜ தூரத்தில், தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட முறையில் நெரிசல் தெரிந்ததும் அனுப்பும் அளவு சடாரென்று வெட்டப்படும். கூட்டுவது மட்டும் படிப்படியாக. அங்கே அளவு மீறினால் பாதிக்கப்படுவது மற்றவர்கள், தடுக்கச் சுவரும் இல்லை. இங்கே சுவர் இருக்கிறது. எனவே பணி தன் நலனை முதலில் பார்த்துக்கொள்ளலாம்.

பிந்திய பிறகுதான் கற்றுக்கொள்ளும் எந்த முறையும் சில இடங்களுக்கு ஆகாது. காற்றுப்பை ஒருமுறை தாமதமாக விரிந்து அடுத்த முறை சரியாக விரிவதில் யாருக்கும் பயனில்லை. பயணிகள் விமானங்களில் புழங்கும் ஆரின்க் 653 என்ற தரத்தில் ஒவ்வொரு மென்பொருள் பகுதிக்கும் நேர ஜன்னல்கள் முன்கூட்டியே அட்டவணையில் பொறிக்கப்படுகின்றன. பறக்கும்போது யாரும் பட்ஜெட்டைத் திருத்துவதில்லை. வீண் என்று தெரிந்தே கொடுக்கும் விலை அது, அந்த இடத்தில் நியாயமான விலை.

கேட்பவர்கள் எல்லாருக்கும் போதாதபோது

தனித்தனிக் கட்டுப்படுத்திகள் தங்கள் பணியை மட்டுமே பார்க்கும். மூன்று பணிகள் முறையே 50, 40, 30 சதவீதம் கேட்டால் கூட்டு 120. இருப்பதோ, கணினி உயிரோடிருக்க ஒதுக்கிவைத்தது போக, 95. மேலே ஒரு மேற்பார்வையாளர் தேவைப்படுகிறார். வழக்கமான முறை, ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சம் ஒன்றை உறுதி செய்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுவது. ஆளுக்கு 20 உறுதி என்றால் 60 போனது. மிஞ்சிய 35-ஐக் கூடுதலாகக் கேட்ட 30, 20, 10 என்ற விகிதத்தில் பிரித்தால் முடிவில் 37.5, 31.7, 25.8 கிடைக்கும். யாருக்கும் கேட்டது கிடைக்கவில்லை, யாரும் பட்டினியும் இல்லை. பலர் பயன்படுத்தும் கணினியில் இது பாதுகாப்பு ஏற்பாடும்கூட: பேராசைக்கார நிரல் 100 கேட்டாலும் மற்றவர்களின் குறைந்தபட்சத்தில் கை வைக்க முடியாது.

வெட்டியதை மேற்பார்வையாளர் கீழே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 50 கேட்ட கட்டுப்படுத்தி, தனக்கு 50 கிடைத்தும் தாமதம் குறையவில்லை என்று நினைத்து 60 கேட்கும், பிறகு 75. நெரிசல் தீர்ந்து கேட்டதெல்லாம் கிடைக்கத் தொடங்கும்போது, தேவையே இல்லாத பெரும் பட்ஜெட்டோடு உட்கார்ந்திருக்கும்.

பட்ஜெட் நிரந்தரமாகப் போதாதென்றால் வேலையைக் குறைப்பது ஒன்றே வழி: வீடியோ தன் தெளிவுத்திறனை ஒரு படி இறக்கலாம், சில பிரேம்களை விட்டுவிடலாம். இது இரண்டாவது பின்னூட்டச் சுற்று. இரண்டு சுற்றும் ஒரே வேகத்தில் சுழன்றால் ஒரே தாமதத்துக்கு ஒன்று பட்ஜெட்டை ஏற்றும், மற்றது தரத்தை இறக்கும். அடுத்த கணம் உபரி தெரிய, இரண்டும் ஒரே நேரத்தில் பின்வாங்கும். அதனால் பட்ஜெட் சுற்று பிரேமுக்கு ஒருமுறையும் தரச் சுற்று சில நொடிகளுக்கு ஒருமுறையும் செயல்பட விடப்படுகிறது.

லினக்ஸில் வந்ததும் வராததும்

டோமசோ குச்சினோட்டா, பலோபோலி, அபேனி உள்ளிட்டோர் இவை எல்லாவற்றையும் சேர்த்து லினக்ஸ் மீது ஆகுவோசா என்ற கட்டமைப்பாகக் கட்டினார்கள்: கெர்னலில் ஒட்டு போட்டுச் சேர்த்த ஷெட்யூலர், அதன்மேல் ஊகிப்பான், கட்டுப்படுத்தி, மேற்பார்வையாளர். ஆய்வகங்களில் நன்கு ஓடிய அந்தக் கட்டமைப்பு முழுதாக அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் போகவில்லை. போனது சுவர் மட்டும். தாரியோ ஃபாஜியோலி, யூரி லெல்லி ஆகியோரின் உழைப்பில், 2014 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 3.14-இல் ‘ஷெட் டெட்லைன்’ என்ற பெயரில் பட்ஜெட் முறை இடம்பெற்றது. பட்ஜெட், கெடு, சுற்றுக்காலம் மூன்றையும் நானோநொடியில் சொல்ல வேண்டும். எல்லா ஒதுக்கீடுகளும் சேர்ந்து 95 சதவீதத்தைத் தாண்டினால் கெர்னல் ‘பிஸி’ என்ற பிழைக்குறியோடு கையை விரித்துவிடும். 1998-இன் மூல வடிவத்தில் பட்ஜெட் தீர்ந்த பணி கெடு தள்ளிப்போய்த் தொடர்ந்து ஓடலாம். லினக்ஸில் அது அடுத்த நிரப்பும் நேரம் வரை நிறுத்திவைக்கப்படும். மீதமிருக்கும் நேரத்தைத் தேடிப் பயன்படுத்தும் வசதி 2017-இல் வந்த 4.13-இல் சேர்ந்தது.

கட்டுப்படுத்தி வெளியே நிற்பது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். வீடியோவுக்கு 12 சராசரிகள் பொருந்தும், ஒலிக்கு அது அபத்தம். எந்த ஊகம் யாருக்குப் பொருந்தும் என்பதைக் கெர்னல் அறிய வழியில்லை. அது தர வேண்டியது மூன்று: ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்ஜெட்டை மாற்ற ஒரு சிஸ்டம் கால், செலவான சிபியு நேரத்தின் துல்லியமான கணக்கு, பட்ஜெட் மீறினால் உடனே ஒரு சமிக்ஞை. மூன்றும் இன்று இருக்கின்றன. பல கோர்கள் உள்ள கணினியில் மட்டும் உறுதிமொழி கொஞ்சம் தளர்கிறது. பணிகள் கோர் விட்டுக் கோர் தாவும்போது கெடுவே தவறாது என்று சொல்ல முடிவதில்லை, தாமதம் ஓர் எல்லைக்குள் அடங்கும் என்றுதான் சொல்ல முடிகிறது.

மிச்சமிருப்பது சுற்றுக்காலம். கெடுவைப் பற்றி எதுவும் அறியாமல் எழுதப்பட்ட பழைய நிரலுக்கு எந்தச் சுற்றுக்காலத்தைத் தருவது? பொருந்தாத எண்ணைத் தந்தால் செலவு கூடும். 40 மில்லிநொடிக்கு ஒருமுறை 9 மில்லிநொடி வேலை செய்யும் பணிக்குச் சுற்றுக்காலம் 10 என்றால் நான்கு சுற்றுகள் சரியாகப் பொருந்தி 22.5 சதவீதம் போதும். 15 என்று வைத்தால் 40-க்குள் இரண்டே முழுச் சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 4.5 தர வேண்டிவந்து ஒதுக்கீடு 30 சதவீதமாக ஏறும்.

குச்சினோட்டா, ஃபேபியோ கெக்கோனி, அபேனி, பலோபோலி நால்வரும் 2010-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். நிரலின் உள்ளே எட்டிப் பார்க்காமல், அது கெர்னலை அழைக்கும் நேரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளை ஃபூரியே பகுப்பாய்வுக்கு உட்படுத்துவது. வீடியோ நிரலுக்கு நொடிக்கு 25 என்ற அதிர்வெண்ணில் ஒரு சிகரம் எழும். கூடவே அதன் மடங்குகளான 50, 75-இலும் எழும். எது அடிப்படை, எது எதிரொலி என்று கணிப்பதில் முறை தடுமாறலாம். 25-க்குப் பதில் 50-ஐத் தேர்ந்தால் சுற்றுக்காலம் 20 மில்லிநொடி ஆகும். அது 40-ஐ மீதியின்றி வகுப்பதால் ஒதுக்கீடு அதே 22.5 சதவீதத்தில் நிற்கும், பணி மாற்றங்களின் எண்ணிக்கை மட்டும் கூடும்.